கிளிப் வேறு, மேகசின் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில், ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து ஒருவர் காயமடைந்ததாக ஒரு செய்தி வந்திருந்தது. கிளிப்பை முன்னதாகவே கழற்றிவிட்டதால் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று அவர் நினைத்துவிட்டார் என்பது அச்செய்தியின் கடைசி வரி. நான் படைப்பிரிவு ஒன்றின் ஆயுதக் காப்பறையில் 26 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்த்துப் பராமரிப்பவனாக, வேலை செய்து ஓய்வுபெற்றவன். அந்த வரியைப் படித்த பிறகு நாளிதழை மடித்து வைக்க மனம் வரவில்லை. அவர் கழற்றியது பெரும்பாலும் மேகசினாகத்தான் இருந்திருக்கும். மேகசினைக் கழற்றினாலே ரைஃபிள் காலியாகிவிடும் என்று அவர் நம்பியதும், கிளிப்பும் மேகசினும் ஒன்றே என்று செய்தியாளர் எழுதியதும் ஒரே குழப்பத்தின் இரு முகங்கள். தோட்டா இப்போது எதன் பிடியில் இருக்கிறது, அடுத்து எங்கே போகும் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் விடுவதால் வரும் குழப்பம் அது. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் பெயர்கள். தோட்டா என்று நாம் சொல்வது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒன்று: பித்தளை உறை, அதன் அடியில் ஊசி குத்தினால் நெருப்பு உமிழும் பிரைமர், உறைக்குள் வெடிமருந்து, உறையின் வாயில் இறுக்கிப் பொருத்தப்பட்ட குண்டு. சுட்டால் குழல் வழியே பாய்வது குண்டு மட்டுமே. வெற்று உறை ரைஃபிளிலிருந்து வெளியே வீசப்படும். கிளிப் என்பது சில தோட்டாக்களை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சிறிய உலோகத் தகடு அல்லது சட்டம். தோட்டாவை மேலே தள்ளும் சுருள்வில் அதில் கிடையாது. மேகசின் என்பது தோட்டாக்கள் அடுக்கப்படும் பெட்டி. அதன் அடியில் ஒரு சுருள்வில்லும், அதன் மேல் தோட்டாக்களை ஏந்தி நிற்கும் ஒரு தட்டும் இருக்கும். கழற்றக்கூடிய மேகசினாக இருந்தால், மேல் தோட்டா துள்ளி வெளியேறாதபடி உள்நோக்கி வளைந்த இரண்டு மடிப்புகளும் இருக்கும். அந்த மடிப்புகளை நாங்கள் உதடுகள் என்போம். குழலின் பின்புறத்தை மூடித் திறக்க முன்னும் பின்னும் நகரும் உலோகப் பாகமான போல்ட் முன்னோக்கி வரும்போது, உதடுகளுக்கு இடையே காத்திருக்கும் மேல் தோட்டாவின் அடிப்பகுதியைத் தள்ளிக் குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் ஏற்றிவிடுகிறது. அந்தக் கணத்தில் அந்தத் தோட்டாவுக்கும் மேகசினுக்கும் இருந்த உறவு முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினாலும், தூர எறிந்தாலும், சேம்பரில் இருக்கும் தோட்டா அங்கேயேதான் இருக்கும். பெரும்பாலான ரைஃபிள்கள் மேகசின் இல்லாமலேயே அந்த ஒன்றைச் சுட்டுவிடும்.

மேகசின் என்ற சொல், கிடங்கு எனப் பொருள்படும் மக்ஸன் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. போர்க்கப்பலில் வெடிமருந்து வைக்கும் அறைக்கும் அதுவே பெயர். பலவகை எழுத்துகளைத் திரட்டித் தரும் பருவ இதழுக்கும் அதுவே பெயர். தங்கள் துறைக்கும் எங்கள் துறைக்கும் பொதுவான சொல் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கிளிப்பில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை நாங்கள் சார்ஜர் என்போம். 1889இல் பெல்ஜியம் ஏற்றுக்கொண்ட மாசர் ரைஃபிளில் 5 தோட்டாக்கள் ஒரு தகட்டில் கோத்து வரும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்து, அந்தத் தகட்டை ரைஃபிளின் மேற்புறத்தில் உள்ள பள்ளத்தில் நிமிர்த்தி நிறுத்தி, மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஐந்தும் சரசரவென்று மேகசினுக்குள் இறங்கும். தகடு வெளியேயே நின்றுவிடும்; அதை எடுத்துவிட வேண்டியதுதான். பிரிட்டிஷ் படை பயன்படுத்திய .303 அங்குல லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் மேகசின் 10 தோட்டாக்கள் கொள்ளும். ஐந்து ஐந்தாக இரண்டு சார்ஜர்களால் அதை நிரப்புவார்கள். கழற்றக்கூடிய பெட்டி மேகசினுக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார் என்றாலும், அவர் பெயரைத் தாங்கிய இந்த ரைஃபிளில் மேகசின் பொதுவாக அதன் இடத்திலேயே இருக்கும். சார்ஜர்தான் வந்து போகும். இந்த ரைஃபிளைப் பற்றி எழுதும்போது கிளிப், மேகசின் என்ற இரு சொற்களுமே தேவைப்படும் என்பதையும், இரண்டையும் மாற்றிப் போட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும் என்பதையும் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வகையில் கிளிப்பே தோட்டாக்களோடு சேர்ந்து ரைஃபிளுக்குள் போய்விடும். 1891ஆம் ஆண்டின் இத்தாலிய கார்கானோ ரைஃபிளில் 6 தோட்டாக்களைப் பிடித்திருக்கும் கிளிப் உள்ளே இறங்கி, கடைசித் தோட்டா சேம்பருக்குப் போனதும், அடிப்புறத் துளை வழியே தானாகக் கீழே விழும். அமெரிக்கப் படை 1936இல் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்ட் ரைஃபிளில் 8 தோட்டாக்களைத் தாங்கிய எஃகுக் கிளிப் உள்ளே செல்லும். எட்டாவதும் சுடப்பட்டதும், வெற்று உறையோடு கிளிப்பும் ஒரு கணீர் ஒலியுடன் மேலே தெறித்து வெளியே வரும். போல்ட் பின்னால் திறந்தபடியே நிற்கும். இவ்வகை ரைஃபிளிலும் சுருள்வில்லும் தட்டும் உண்டு. ஆனால் அவை ரைஃபிளின் உடலுக்குள்ளேயே இருக்கும். தோட்டாக்களை மேலே எழும்பாமல் பிடித்து நிறுத்தும் உதடுகளின் வேலையைக் கிளிப் செய்கிறது. ஆகவே கிளிப் இல்லாவிட்டால் இந்த ரைஃபிள்கள் தொடர்ந்து சுடும் திறனை இழந்து, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்துச் சுட வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

காரண்டில் தோட்டா நிரப்புவதைக் கற்றுக்கொள்பவர் கட்டைவிரலை முதலில் காத்துக்கொள்ளக் கற்க வேண்டும். கிளிப்பை மேலிருந்து வைத்து வலது கட்டைவிரலால் அடிவரை அழுத்தினால், அது கொக்கியில் மாட்டிய உடனே போல்ட் முன்னே பாயத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் உள்ளங்கையின் பக்கவாட்டு விளிம்பைப் போல்ட்டின் கைப்பிடிக்கு முன்னால் அணைபோல நிறுத்தியிருக்க வேண்டும். கட்டைவிரலை வெளியே எடுத்த பிறகே அந்த அணையை விலக்க வேண்டும். விலக்கும் வரிசை தவறினால் நகம் கறுத்துவிடும், சில நேரம் நகமே போய்விடும். அந்த ரைஃபிளைக் கையாண்ட தலைமுறைக்கு அந்தக் காயத்துக்கென்று தனிப் பெயரே இருந்தது.

கிளிப்பே தேவைப்படாத மேகசின்களும் உண்டு. குழலுக்குக் கீழே நீளவாட்டில் ஒரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும் வகை அது. அதில் ஒரு தோட்டாவின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால், கூர்முனைக் குண்டுகளை அதில் நிரப்பக் கூடாது. பிரெஞ்சுக்காரர்களின் 1886ஆம் ஆண்டு லெபெல் ரைஃபிளுக்குக் கூர்முனைக் குண்டு வந்தபோது, பின்னால் வரும் தோட்டாவின் முனை பிரைமரில் இடிக்காமல் தங்கிக்கொள்ள, தோட்டாவின் அடிப்பாகத்தில் பிரைமரைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் வெட்டப்பட்டிருந்தது.

இனி, நிரப்பும் விதம். .303 தோட்டாவின் அடியில் உறையை விட அகலமான விளிம்பு உண்டு. மேகசினுக்குள் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் தனக்குக் கீழே உள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து நகரப் பார்த்து அப்படியே பூட்டிக்கொள்ளும். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இதை விளக்க, இரண்டு போலித் தோட்டாக்களை உள்ளங்கையில் வைத்து, ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுவேன். கண்ணால் பார்த்தவுடன் புரிந்துவிடும். நூறு முறை வாயால் சொன்னாலும் புரியாது. சார்ஜரில் தோட்டாக்களின் விளிம்புகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாறிமாறிக் கோக்கப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. அப்படிக் கோத்தால் சார்ஜரின் எந்த முனையைக் கீழே வைத்தாலும் ஒன்றுபோலவே இறங்கும். அவசரத்தில் முனை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

விளிம்பு துருத்தாத 7.62, 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் மேகசினை நிரப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேகசினின் முதுகுப்புறம் தன்னைப் பார்க்குமாறு இடது கையில் பிடித்து, அடியைத் தொடையிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். தோட்டாவின் அடி பின்புறமாக இருக்கும்படி உதடுகளுக்கு இடையே வைத்து, கட்டைவிரலால் நேர் கீழே அழுத்தி, உதட்டின் அடியில் புகுந்ததும் முதுகுச்சுவரில் தட்டும் வரை பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தோட்டாவையும் அழுத்துவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பது நல்லது: உறையில் நசுக்கம் உண்டா, களிம்பு ஏறியிருக்கிறதா, பிரைமர் அடிமட்டத்தை விட மேலே துருத்துகிறதா, குண்டு உறைக்குள் அமுங்கியிருக்கிறதா. இவற்றில் எது தென்பட்டாலும் அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். நிரப்பி முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டினால் எல்லாத் தோட்டாக்களும் பின்புறம் ஒழுங்காக அமரும். சிலர் கல்லிலும் இரும்பு மேசையிலும் ஓங்கித் தட்டுவார்கள். அது உதடுகளையும் வெல்டு போட்ட ஓரங்களையும் கெடுக்கும்.

5.56 தோட்டாக்கள் பத்துப் பத்தாகச் சார்ஜரிலும் வருகின்றன. மேகசினின் முதுகில் மாட்டும் ஒரு சிறு தகட்டு வழிகாட்டியில் சார்ஜரைச் செருகி அழுத்தினால் பத்தும் மேகசினுக்குள் இறங்கும். மூன்று சார்ஜர்களில் 30 தோட்டா மேகசின் நிரம்பிவிடும். கிளிப் மேகசினை நிரப்புகிறது, மேகசின் ரைஃபிளுக்கு ஊட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை.

மேகசினை அதன் முழுக் கொள்ளளவுக்கும் நிரப்ப வேண்டுமா என்பது பழைய விவாதம். .303 பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் 30 தோட்டாக்களுக்குச் செய்யப்பட்டது. ஆனால் 27 அல்லது 28 போடுவதே வழக்கமாக இருந்தது. வியட்நாம் போரில் எம்16 ரைஃபிளின் 20 தோட்டா மேகசினில் 18 போட்டவர்கள் ஏராளம். நன்றாகச் செய்யப்பட்ட இன்றைய மேகசின்களை முழுதாக நிரப்புவதில் தவறில்லை. ஆனால் போல்ட் மூடியிருக்கும் நிலையில் முழுக்க நிரம்பிய மேகசினைப் பொருத்தினால், மேல் தோட்டா போல்ட்டின் அடிப்புறத்தில் முட்டி நிற்கும். கீழே அமுங்க அதற்கு இடம் இருக்காது. மேகசினும் கொக்கியில் முழுமையாக மாட்டாது. மாட்டியது போலத் தோன்றிவிட்டு முதல் சுற்றுக்குப் பிறகு கையோடு வந்துவிடும். ஒன்று குறைத்து நிரப்பி, பொருத்திய பின் கீழே இழுத்துப் பார்க்கச் சொல்லி நான் கற்றுக்கொடுத்தது இதனால்தான். கொள்ளளவுக்கு மேல் ஒன்றை வலிந்து திணிப்பது மட்டும் எப்போதும் தவறு. சுருள்வில் தாங்கக்கூடிய எல்லையை அது தாண்டச் செய்துவிடும்.

இந்த இடத்தில், என் வேலையின் மூன்றாவது ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்து வந்த இளைஞர் ஒருவர், ஆயுதத்தை ஒப்படைப்பதற்கு முன் காலிசெய்யும் மணல்மேட்டின் எதிரே நின்றார். முதலில் போல்ட்டை இழுத்து விட்டார். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழுந்தது. அதன்பின் மேகசினைக் கழற்றி இடுப்புப் பையில் வைத்தார். மூன்றாவதாக, காலிதானே என்று விசையை அழுத்தினார். குண்டு மணலுக்குள் போனது. அவர் முகம் வெளிறி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் செய்த மூன்று செயல்களும் சரியானவையே, வரிசைதான் தவறு. மேகசின் இடத்தில் இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிட்டதால், பழைய தோட்டா போய்ப் புதிய தோட்டா சேம்பருக்குள் ஏறிவிட்டது. தரையில் விழுந்து கிடந்த ஒரு தோட்டாவைக் கண்ணால் பார்த்ததே அவரை ஏமாற்றிவிட்டது. அன்று அவருக்கு எதிரே மணல்மேடு இருந்தது, மனிதர் யாரும் இல்லை.

சரியான வரிசை இது. குழலைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி, விரலை விசையிலிருந்து விலக்கி, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு போல்ட்டை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, திறந்த நிலையில் நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் விரல் நுனியை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மேகசின் பொருந்தும் குழியையும் அதேபோலப் பார்க்க வேண்டும். கழற்ற முடியாத மேகசின் உள்ள ரைஃபிளாக இருந்தால், அதற்குள் இருக்கும் தோட்டாக்கள் அனைத்தையும் வெளியே எடுத்த பின்பே இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. ஏகே வகை ரைஃபிள்களில் கடைசித் தோட்டா சுடப்பட்ட பிறகும் போல்ட் மூடியேதான் நிற்கும் என்பதால், நிரம்பியதும் காலியானதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே பார்த்துத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

நிரப்பிய மேகசினையும் கிளிப்பையும் சேமித்து வைப்பது பற்றி மக்களிடையே உலவும் கருத்துகளில் பாதி தவறானவை. அவற்றில் முதன்மையானது, நிரப்பியே வைத்திருந்தால் சுருள்வில் தளர்ந்துவிடும் என்பது. நல்ல எஃகுச் சுருள்வில் அதற்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் அமுங்கியபடி இருப்பதால் கெடுவதில்லை. தொடக்கத்தில் சற்று உயரம் குறையும். பிறகு அப்படியே நிலைத்துவிடும். சுருள்வில்லைத் தேய்ப்பது மீண்டும் மீண்டும் அமுங்கி விரிவதுதான். சுருள்வில்லுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று வாரந்தோறும் தோட்டாக்களை எடுத்து மறுபடி நிரப்புபவர், காக்க நினைத்ததையே களைப்படையச் செய்கிறார். அதோடு ஒவ்வொரு முறையும் தோட்டாக்கள் உதட்டில் உரசிக் கீறல் விழும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உதடுகளைப் பற்றி. நிரம்பிய மேகசினில் சுருள்வில்லின் முழு அழுத்தமும் மேல் தோட்டா வழியாக உதடுகளில்தான் இறங்குகிறது. எஃகு உதடு அதைத் தாங்கும். பிளாஸ்டிக் உதடு, குறிப்பாக வெப்பம் மிகுந்த இடத்தில், நீண்ட காலத்தில் மெல்ல விரிந்துகொடுக்கக்கூடும். இதற்காகவே, மேல் தோட்டாவைச் சற்றுக் கீழே அமுக்கி உதட்டின் சுமையைக் குறைக்கும் மூடிகள் சில பிளாஸ்டிக் மேகசின்களோடு வருகின்றன. அலுமினிய உதட்டுக்குக் காலத்தை விடக் கீழே விழுவதே பெரிய பகை. நிரம்பிய மேகசின் தலைகீழாகக் கல்தரையில் விழுந்தால், 30 தோட்டாக்களின் எடையும் சேர்ந்து உதட்டை வளைத்துவிடும், 5.56 தோட்டா ஒன்றின் எடை சுமார் 12 கிராம், ஆகவே தோட்டாக்கள் மட்டுமே மூன்றில் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். எங்கள் காப்பறையில் ஒவ்வொரு மேகசினுக்கும் பெயிண்டால் எண் எழுதியிருந்தோம். சுடுதளத்தில் சிக்கல் வந்தால் ரைஃபிளின் எண்ணோடு மேகசினின் எண்ணையும் குறித்துக்கொண்டு வரச் சொல்வேன். ஒருமுறை மூன்று வெவ்வேறு ரைஃபிள்கள் பழுது என்று என் மேசைக்கு வந்தன. குறிப்பேட்டைப் புரட்டினால் மூன்றிலும் சிக்கியது ஒரே எண்ணுள்ள மேகசின். அதன் வலது உதட்டில் கட்டைவிரலை ஓட்டியபோது நகத்தில் தட்டும் அளவுக்கு ஒரு சிறு தூக்கல் இருந்தது, அவ்வளவுதான். அதை நசுக்கிப் போட்டேன். மூன்று ரைஃபிள்களும் அன்றே திரும்பிப் போயின.

கிளிப்பைப் பொறுத்தவரை, அதில் சுருள்வில்லின் அழுத்தம் எதுவும் தோட்டாவின் மேல் இல்லை. ஆகவே நீண்ட காலம் வைத்திருப்பதற்கு, தோட்டாக்கள் தயாரிப்பாளரின் பெட்டியிலோ சார்ஜரிலோ இருப்பதே நல்லது. மேகசினுக்குள் இருக்க வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. ஆனால் சார்ஜருக்கும் கண்காணிப்பு வேண்டும். தகடு துருப்பிடித்தாலோ வளைந்தாலோ தோட்டாக்கள் பாதியில் சிக்கி நிற்கும். பழைய சார்ஜரைப் பல முறை பயன்படுத்தியிருந்தால் உள்ளிருக்கும் பிடிப்பு தளர்ந்து, பையிலேயே தோட்டாக்கள் உதிர்ந்து கிடக்கும்.

தோட்டாவைக் கெடுப்பவை வெப்பம், ஈரம், சில வேதிப்பொருள்கள் ஆகிய மூன்றுமே. மருந்தின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மிக மெல்லச் சிதையும் இயல்புடையது. சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். அவற்றை உறிஞ்சிக்கொள்ள டைஃபீனைலமீன் போன்ற நிலைப்படுத்தி ஒன்றை மருந்தில் கலக்கிறார்கள். வெப்பம் கூடக்கூடச் சிதைவும் விரைவாகி, நிலைப்படுத்தியும் விரைவில் தீர்ந்துபோகும். தொடக்ககால மருந்து எவ்வளவு நிலையற்றதாக இருந்தது என்பதற்கு, தூலோன் துறைமுகத்தில் 1907இல் இயேனா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும், 1911இல் லிபெர்த்தே என்ற போர்க்கப்பலும் தம் வெடிமருந்து அறையில் இருந்த மருந்தாலேயே வெடித்துச் சிதறியதைச் சான்றாகச் சொல்வார்கள். இன்றைய தோட்டா அவ்வாறு வெடிக்காது. ஆனாலும் வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்திலும், தகரக் கூரையின் கீழும் ஆண்டுக்கணக்கில் கிடந்த தோட்டாவை நான் நம்ப மாட்டேன். குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள, வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காத அறையே அதற்கு ஏற்றது. ரப்பர் வளையம் பொருத்திய எஃகுப் பெட்டி ஈரத்தைத் தடுக்கும். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்காமல், வெளி வெப்பத்துக்குப் பழகும் வரை மூடியே வைத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டுத் திறந்தால் பித்தளையெங்கும் நீர்த்துளிகள் பூத்துவிடும்.

வேதிப்பொருள் என்றதும் பலர் நினைத்துப் பார்க்காதது அமோனியா. தோட்டா உறை செய்யப்படும் பித்தளையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் இருந்த படைகள் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, உறைகள் தாமாகவே வெடிப்பு (அதாவது விரிசல்) விட்டன. பருவந்தோறும் வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் அமைந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், உறையைச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அந்த வெடிப்பை உண்டாக்குகின்றன என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். ஈரம்தான் காரணம் என்று எண்ணி ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது. இன்றும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் துப்பாக்கிக் குழல் கரைப்பான்களையும் தோட்டாக்கள் உள்ள அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, தோல் வளையங்கள் தைத்த இடைவாரில் தோட்டாக்களைச் செருகியே வைத்திருந்தால், தோலைப் பதனிடப் பயன்பட்ட அமிலம் பித்தளையில் ஏறிப் பச்சைக் களிம்பாகப் படியும். அப்படி ஓர் இடைவாரை என்னிடம் கொண்டுவந்தார்கள். தோட்டாக்கள் வளையத்தோடு ஒட்டிக்கொண்டு, திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. களிம்பைச் சுரண்டிவிட்டுச் சுடலாமா என்று கேட்டார்கள். களிம்பு எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்பதை வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது என்பதால் கூடாது என்றேன்.

எண்ணெய் விஷயத்திலும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. துரு பிடிக்கக் கூடாது என்று மேகசினுக்குள்ளும் தோட்டாக்களின் மேலும் எண்ணெய் பூசுகிறார்கள். ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். எண்ணெய் பூசிய உறை சேம்பரின் சுவரைப் பற்றாமல் வழுக்குவதால், சுடும்போது போல்ட்டின் மேல் விழும் அழுத்தம் கூடும். மேகசினுக்குள் இருக்கும் எண்ணெயில் புழுதி ஒட்டிச் சேறாகித் தட்டைச் சிக்கவைக்கும். மேகசினைப் பிரித்து, உலர்ந்த துணியால் துடைத்து, சுருள்வில்லில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு எண்ணெய் தடவித் துடைத்துவிட்டாலே போதும்.

கலந்துபோவது இன்னொரு பெரிய ஆபத்து. .300 பிளாக்கவுட் என்ற தோட்டா 5.56 மேகசினுக்குள்ளேயே சரியாக அடங்கும். அதற்காகவே வடிவமைக்கப்பட்டது அது. அந்த மேகசினைத் தவறுதலாக 5.56 ரைஃபிளில் பொருத்தி, அந்தத் தோட்டா சேம்பருக்குள் ஏறிவிட்டால், குழலை விடப் பருமனான குண்டு குழலுக்குள் நுழைய முடியாமல் ரைஃபிளே வெடிக்கும். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் மேகசினின் நிறத்தையோ, அதன்மேல் ஒட்டிய பட்டையையோ கொண்டு, இருட்டில் தொட்டாலும் தெரியும்படி வேறுபடுத்தி வைக்க வேண்டும்.

ரைஃபிளுக்குள் தோட்டாவை விட்டுவைத்துச் சேமிப்பதைப் பற்றியும் ஒன்று. தீ விபத்தில், பெட்டியில் தனியே கிடக்கும் தோட்டா வெடித்தால் பித்தளை உறை கிழிந்து துண்டுகள் தெறிக்கும். குண்டுக்குப் பெரிய வேகம் கிடைக்காது. அதே தோட்டா சேம்பருக்குள் இருந்தால், சூடேறி வெடிக்கும்போது விசையை அழுத்திச் சுட்டதற்கு இணையான வேகத்தில் குண்டு பாயும். குழல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம். ரைஃபிளும் தோட்டாக்களும் தனித்தனியே பூட்டப்பட வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் வற்புறுத்துவது முதலில் குழந்தைகளை நினைத்துத்தான் என்றாலும், தீயணைக்க உள்ளே வருபவர்களின் உயிருக்கும் அது காவல். தோட்டாவைக் கையாண்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். குண்டிலும் பல பிரைமர்களிலும் ஈயம் இருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. மேசையில் சொற்பட்டியல் ஒன்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தோட்டா, குண்டு, கிளிப், மேகசின், சேம்பர் ஆகிய ஐந்தையும் பொருளோடு சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். கண்டெடுக்கப்பட்டவை 30 குண்டுகள் என்று எழுதுவதற்கும் 30 தோட்டாக்கள் என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, சுடப்பட்டதற்கும் சுடப்படாததற்கும் உள்ள வேறுபாடாகிவிடக்கூடும். வழக்கு மன்றத்தில் அது சிறிய வேறுபாடாக இருக்காது. இரண்டாவதாக, துடைக்கும்போது வெடித்தது என்ற செய்தியை இனி வெளியிட நேரும்போதெல்லாம், மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கக்கூடும் என்ற ஒரு வரியை அதன் கீழே சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். சென்ற வாரச் செய்தியில் காயமடைந்தவர் அந்த வரியை எங்கேனும் ஒருமுறை படித்திருந்தால், போல்ட்டைத் திறந்து சேம்பருக்குள் பார்த்திருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர்